உப்புக்காத்து ஊரில் ஒரு தகர மனிதன்

முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன்.

டோரதி என்கிற சிறுமி கான்சாஸ் புல்வெளியின் நடுவில் அங்கிள் ஹென்றியோடும் ஆன்ட் எம்மோடும் வாழ்ந்தாள் என்றுதான் ‘ஓஸ் மந்திரவாதி’ கதை ஆரம்பிக்கிறது. முந்தின நாள் ராத்திரியே புத்தக ஓரத்தில் பென்சிலால் ‘சித்தப்பா, சித்தி’ என்று குறித்து வைத்திருந்தேன். வகுப்பில் ‘சித்தி’ என்று நான் சொன்னதும் பாயில் உட்கார்ந்திருந்த இருபத்தேழு பேர் முகமும் மாறிவிட்டது. “கொடுமைப்படுத்துற சித்தியா டீச்சர்?” என்றாள் ஒருத்தி. “அம்மாவோட தங்கச்சியா, இல்ல அப்பா ரெண்டாவதா கட்டிக்கிட்ட சித்தியா?” என்று இன்னொருத்தி விவரமாகக் கேட்டாள்.

புத்தகத்தில் அதெல்லாம் இல்லை. டோரதிக்கு அப்பா அம்மா கிடையாது, இவர்கள்தான் வளர்க்கிறார்கள், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் அங்கிள் என்று ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டு எழுதியவர் பாட்டுக்குப் போய்விடுவார். நம் பிள்ளைகளிடம் அது செல்லாது. எந்த வழி உறவு என்று தெரியாமல் அவர்கள் கதைக்குள் காலெடுத்து வைக்க மாட்டார்கள். பேச்சுவார்த்தைக்குப் பிறகு பெரியப்பா, பெரியம்மா என்று முடிவானது. பெரியம்மா என்றால் கெட்டவராக இருக்க வாய்ப்பில்லை என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். முதல் நாள் இருபது நிமிடத்தில் ஐந்து நிமிடம் இதிலேயே போனது.

நான் வேலை பார்ப்பது வேதாரண்யம் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில். நாலாம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் ஒரே அறையில். 2025 ஜனவரியில், அரையாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாளில், எல். ஃபிராங்க் பாம் 1900இல் எழுதிய ஓஸ் மந்திரவாதி கதையைத் தொடங்கினேன். மொத்தம் 24 அத்தியாயம். சத்துணவு முடிந்து பிள்ளைகள் தட்டு கழுவி வந்ததும், ஒரு நாளைக்கு ஓர் அத்தியாயம். கையில் இருப்பது ஆங்கிலப் புத்தகம், வாயிலிருந்து வருவது தமிழ். பாடக்குறிப்பில் ‘கேட்டல் திறன்’ என்று எழுதிக்கொண்டேன். பொய் ஒன்றும் இல்லை.

தமிழிலேயே சிறார் நாவல்கள் இருக்கும்போது ஏன் இது என்று பக்கத்து வகுப்பு டீச்சர் கேட்டார். புயல்தான் காரணம். கதையின் முதல் அத்தியாயத்திலேயே காற்று வந்து வீட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. எங்கள் ஊரில் அது கற்பனைக் கதை இல்லை. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியபோது இந்தப் பிள்ளைகள் மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள். அவர்களுக்கு நேரடியாக என்ன ஞாபகம் இருக்கும் என்று தெரியாது. ஆனால் வீட்டில் கேட்டுக் கேட்டு, எல்லாரும் நேற்று நடந்த மாதிரி சொல்வார்கள். எந்த ஓடு யார் வீட்டுக் கொல்லையில் கிடந்தது, எத்தனை தென்னை போனது, எல்லாம் கணக்கு வைத்திருக்கிறார்கள்.

அதனால் புயல் அத்தியாயம் வழுக்கிக்கொண்டு போகும் என்று நினைத்தேன். போகவில்லை. “புயல் கடல்லேருந்துதானே வரும். அந்த ஊர்ல கடல் எங்க இருக்கு?” என்று ஒருவன் கேட்டான். உலக வரைபடத்தை எடுத்துப் பார்த்தோம். கான்சாஸ் அமெரிக்காவின் நட்டநடுவில் இருக்கிறது. எந்தப் பக்கம் போனாலும் கடல் ரொம்ப தூரம். பாம் அதைப் புயல் என்று எழுதினாலும் உண்மையில் அது இடிமேகத்திலிருந்து தரைக்கு இறங்கிச் சுழல்கிற சுழற்காற்று. நம் புயல் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் அகலம். அது பெரும்பாலும் சில நூறு மீட்டர்தான், ஆனால் மாட்டிய இடத்தில் எதையும் விட்டுவைக்காது. கரும்பலகையில் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வரைந்து காட்டினேன்.

காற்று வந்தால் ஒளிந்துகொள்ள டோரதி வீட்டுத் தரைக்கு அடியில் ஒரு குழி இருக்கும், மேலே மூடி போட்டு. “நம்ம ஊர்ல குழி தோண்டினா தண்ணி ஊறிடும் டீச்சர்” என்றாள் முன்வரிசைப் பெண். அதுவும் சரிதான்.

அந்த வீட்டைச் சுற்றி எல்லாமே சாம்பல் நிறம் என்று பாம் வரிக்கு வரி சொல்வார். உழுத மண் வெயிலில் வெந்து சாம்பல், புல் சாம்பல், வீட்டுக்கு அடித்த வண்ணம் போய் அதுவும் சாம்பல். வாழ வந்தபோது அழகாக இருந்த பெரியம்மாவின் கண்ணிலிருந்த ஒளியையும் கன்னத்துச் சிவப்பையும் வெயிலும் காற்றும் எடுத்துக்கொண்டுவிட்டன என்று ஒரு இடம். அதைச் சொன்னபோது ஒரு பையன் மெதுவாகக் கேட்டான்: “அந்தப் பெரியம்மா உப்பளத்துலயா வேலை பாத்தாங்க?”

இல்லடா, வயல்ல, என்றேன். சரி என்று தலையாட்டினான். அவன் அம்மா உப்பளத்துக்குத்தான் போகிறார்.

காற்று கொண்டுபோய்ப் போட்ட ஓஸ் நாட்டில், வீட்டுக்குத் திரும்ப வழி கேட்டு மரகத நகரத்து மந்திரவாதியைத் தேடிப் போகிறாள் டோரதி. வழியில் அவளுக்கு மூன்று பேர் துணை சேர்கிறார்கள். சோளக்கொல்லை பொம்மைக்கு மூளை வேண்டும். தகர மரவெட்டிக்கு இதயம் வேண்டும். பயந்தாங்கொள்ளி சிங்கத்துக்குத் தைரியம் வேண்டும். மூன்று நாளில் வகுப்பே இதைக் கோரஸாகச் சொல்லத் தொடங்கிவிட்டது. நான் பொம்மை என்று ஆரம்பித்தால் போதும், மீதியை அவர்கள் முடிப்பார்கள்.

தகரக்காரன் மீது அவர்களுக்குத் தனிப் பாசம். மழையில் நனைந்து துருப்பிடித்து, தூக்கிய கோடரியோடு ஒரு வருஷத்துக்கும் மேலாகக் காட்டில் நின்றவன். ஒரு வண்டைத் தெரியாமல் மிதித்துவிட்டு அழுகிறான், கண்ணீர் வழிந்து தாடை துருவேறி வாயைத் திறக்க முடியவில்லை. இந்த இடத்தில் அவனுக்கு இதயம் ஏற்கெனவே இருக்கிறது என்று பிள்ளைகள் கவனிப்பார்கள் என எதிர்பார்த்தேன். அவர்கள் கவனித்தது வேறு. “இவன் நம்ம ஊருக்கு வந்தா ஒரே நாள்ல துருப்பிடிச்சிடுவான்.” வாங்கி மூன்று மாதம் ஆகாத சைக்கிளின் செயின், பள்ளிக்கூட கேட்டின் கொக்கி, சத்துணவுக் கூடத்து ஜன்னல் கம்பி என்று உப்புக்காத்து தின்ற சாமான்களின் பட்டியல் ஓடியது. அவனுக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா, மெஷின் எண்ணெய்தான் போட வேண்டுமா என்று பெரிய விவாதம். சைக்கிள் கடைக்காரர் மகன் தீர்ப்புச் சொன்னான். தேங்காய் எண்ணெய் போட்டால் நாளாக நாளாகப் பிசுபிசுத்து அழுக்குப் பிடித்துக்கொள்ளுமாம்.

அவன் கேட்கும் இதயம்தான் எனக்குத் தலைவலி. இதயம் என்றாலே ஐந்தாம் வகுப்புக்கு அறிவியல் பாடம், ரத்தம், துடிப்பு. அவன் கேட்பது அது இல்லை, அன்பு செலுத்துகிற மனசு. அதனால் நடுவில் நைசாக ‘மனசு’ என்று மாற்றிவிட்டேன். கேட்க நன்றாக இருந்தது. பதினாறாவது அத்தியாயத்தில் மந்திரவாதி தகரத்தைச் சதுரமாக வெட்டி, பட்டுத் துணியில் மரத்தூள் அடைத்துத் தைத்த ஒன்றை அவன் நெஞ்சுக்குள் வைத்து ஒட்டுப்போடுகிறான். மனசை எப்படித் தைப்பது? மறுபடி இதயத்துக்கே திரும்பினேன். முன்கூட்டி முழுப் புத்தகத்தையும் மொழிபெயர்ப்புக் கண்ணோடு பார்க்காமல் தினம் ஒரு அத்தியாயமாகத் தயார் செய்ததன் வினை.

சில இடங்களில் தமிழ் எனக்குக் கை கொடுத்தது. பொம்மையின் தலைக்குள் தவிட்டோடு ஊசியையும் குண்டூசியையும் கலந்து அடைத்து இதுதான் மூளை என்கிறான் மந்திரவாதி. தவிட்டை வைத்து ஆங்கிலத்தில் ஒரு சிலேடை இருக்கிறது, அது போனால் போகட்டும். (“மாட்டுக்குப் போடுற தவிடா!” என்ற சிரிப்பு அதற்கு ஈடு கட்டியது.) ஆனால் ஊசிகள் தலைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, அவன் புத்தி கூர்மை ஆகிவிட்டதற்கு அதுதான் அத்தாட்சி என்கிறது சிங்கம். கூர்மையான புத்தி என்று நாமும்தானே சொல்கிறோம். ஒரு வார்த்தை மாற்றாமல் அப்படியே இறங்கியது.

அந்த மந்திரவாதி ஒரு போலி என்று கடைசியில் தெரியவரும். ஒமாஹா ஊரிலிருந்து பலூனில் வந்து சேர்ந்த, குரல் மாற்றிப் பேசும் வித்தைக்காரன். அவன் தன்னைப் பற்றித் தானே சொல்லிக்கொள்ளும் ஆங்கிலச் சொல்லுக்கு ஏமாற்றுக்காரன், பித்தலாட்டக்காரன் என்றெல்லாம் எழுதி எழுதி அடித்தேன். பிறகு டுபாக்கூர் என்று வைத்தேன். மகா டுபாக்கூர். அன்றைக்கு வகுப்பு கிடந்து சிரித்ததில் சத்துணவு அம்மா வந்து எட்டிப் பார்த்தார்.

பொங்கல் விடுமுறைக்கு முந்தின நாள் எட்டாவது அத்தியாயம் வந்து விழுந்தது. நான் திட்டமிடவில்லை, சத்தியமாக. செக்கச்செவேல் என்று பூத்த வயல். அந்தப் பூ வாசத்தில் தூங்கினால் எழ முடியாது. கசகசாச் செடியின் பூதான் அது என்றேன். “எங்கம்மா குருமாவுக்கு அரைச்சு ஊத்துவாங்களே, எனக்குத் தூக்கம் வரலையே” என்ற கேள்விக்கு விதை வேறு, செடியின் பால் வேறு என்பதோடு நிறுத்திக்கொண்டேன். பொம்மையும் தகரக்காரனும் சதையால் ஆனவர்கள் இல்லை, அதனால் தூங்கவில்லை. டோரதியையும் நாயையும் தூக்கி வந்துவிடுகிறார்கள். சிங்கத்தைத் தூக்க முடியாமல் பூக்களுக்கு நடுவிலேயே விட்டுவிட்டு வருகிறார்கள். அத்தியாயம் முடிந்தது. மணியும் அடித்தது.

மாட்டுப் பொங்கலன்று கடைத்தெருவில் ஒரு பையன் தன் அப்பாவின் கையை உதறிவிட்டு ரோட்டைக் கடந்து ஓடிவந்தான். வணக்கமெல்லாம் இல்லை. “சிங்கம் எழுந்துடுச்சா டீச்சர்?”

சொல்லவில்லை. அவன் அப்பா என்னைப் பார்த்த பார்வைக்கும் விளக்கம் சொல்லவில்லை.

(எழுந்துவிட்டது. ஆயிரக்கணக்கான வயல் எலிகள் கயிறு கட்டி வண்டியில் இழுத்து வருகின்றன. சிங்கம் 180 கிலோ, எலி 20 கிராம் என்றால் சிங்கத்தின் எடைக்கு எத்தனை எலி என்று கணக்குப் போட்டோம். 9,000 வந்தது. பாம் ஏமாற்றவில்லை என்று அவருக்கு நற்சான்று கிடைத்தது.)

எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் ஒருவன் இருக்கிறான். ஐந்தாம் வகுப்பு. சத்தமாகப் படிக்கச் சொன்னால் தண்ணீர் குடிக்கப் போய்விடுவான். அவன் உட்காரும் மூலையில் சுவரில் சாக்பீஸ் கோடுகள் இருப்பதை ஒருநாள் பார்த்தேன். நாலு கோடு, குறுக்கே ஒன்று. யார் கிறுக்கியது என்று அதட்டினேன். அவன்தான் எழுந்தான்.

“பொம்மை சொன்ன ஐடியா டீச்சர்.”

எனக்குப் புரியவில்லை. விரலை மடக்கிச் சொன்னான். பெரிய பள்ளம் வந்தப்ப சிங்கத்தோட முதுகுல ஒவ்வொருத்தரா தாண்டலாம்னு சொன்னது பொம்மை. அடுத்த பள்ளத்துக்கு மரத்தை வெட்டிப் பாலமா போடச் சொன்னது பொம்மை. புலித்தலைக் கரடி துரத்துனப்ப அந்த மரத்தை வெட்டி விடச் சொன்னதும் அதுதான். ஆத்தைத் தாண்ட கட்டுமரம், சிங்கத்தை இழுக்க வண்டி. “அஞ்சு. அப்புறம் ஏன் டீச்சர் மூளை இல்ல மூளை இல்லைன்னு அழுவுது?”

பதினாறாவது அத்தியாயத்தில் நானே சாவதானமாக விளக்கலாம் என்று வைத்திருந்த விஷயம் இது. ஒன்பதாவதிலேயே கோடு போட்டு முடித்துவிட்டான். இந்தப் புத்தகத்தை இருபது வருஷம் முன்னால் படித்தவள் நான். அந்தப் பள்ளங்களையெல்லாம் நான் எண்ணியதே இல்லை. அடுத்து என்ன என்று கண் ஓடிக்கொண்டே இருந்திருக்கும். இவன் ஒரு நாளைக்கு ஒரு அத்தியாயம் மட்டும் கேட்டுவிட்டு, மீதி நேரம் முழுக்க அதை மென்றுகொண்டிருந்திருக்கிறான். சுவரை அழிக்கச் சொல்லவில்லை. கதை முடிவதற்குள் கோடு பன்னிரண்டைத் தாண்டிவிட்டது, சிலது எனக்கு ஐடியாவாகவே படவில்லை, அது அவன் கணக்கு.

மரகத நகரத்துக்கு வருவோம். உள்ளே நுழையும்போதே காவல்காரன் எல்லோருக்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பின்னால் பூட்டுப் போட்டுவிடுகிறான், நகரத்தின் பிரகாசம் கண்ணைக் குருடாக்கிவிடுமாம். உள்ளே எல்லாம் பச்சை. டோரதிக்கு அரண்மனையில் பச்சைப் பட்டு உடுப்பு கிடைக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் நகரத்தை விட்டு வெளியே வந்து நடக்கும்போது, உடுப்பு வெள்ளையாக இருக்கிறது. நாயின் கழுத்தில் கட்டிய ரிப்பனும் வெள்ளை. பாம் ஏன் என்று சொல்வதில்லை, டோரதி ஆச்சரியப்பட்டதோடு சரி, நடையைக் கட்டிவிடுகிறார்கள். மூன்று அத்தியாயம் தள்ளித்தான் மந்திரவாதி உண்மையைச் சொல்கிறான்.

“சாயம் போச்சா டீச்சர்?” என்றான் ஒருவன்.

“சாயம் இல்லடா. கேட்டுல கண்ணாடியக் கழட்டிட்டாங்கள்ல!” என்றாள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் உட்காரும் பெண். சொல்லிவிட்டு அவளே ஒரு விநாடி வாயைத் திறந்தபடி இருந்தாள். “அப்ப ஊரே பச்சை இல்லையா?”

அடுத்த நாள் கடையில் பச்சைக் கண்ணாடித் தாள் வாங்கி வந்தேன். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி ஓட்டை போட்டு, தாளை ஒட்டி, நூல் கட்டி, ஆளுக்கொரு கண்ணாடி. பள்ளிக்கு எதிரே ரோட்டைத் தாண்டினால் உப்பளம். போன பருவத்து உப்புக் குவியல் ஒன்று மழைக்காகப் போட்ட கீற்றைப் பிரித்து வைத்திருந்தது, வெயிலில் கண் கூசுகிற வெள்ளை. வரிசையாக நிற்க வைத்து ஒன்று, இரண்டு, மூன்று என்றதும் மாட்டிக்கொண்டார்கள். ஓவென்று சத்தம். உப்பு மலை பச்சை மலை ஆகிவிட்டது.

அதற்குள் ஒரு பெண் கத்தினாள், “உன் ரிப்பன் கறுப்பா இருக்குடி!” சிவப்பு ரிப்பன். பச்சைத் தாள் பச்சை வெளிச்சத்தை மட்டும் விடும், சிவப்பை நிறுத்திவிடும், அதனால் கறுப்பு. இதை நான் சொல்லித்தான் தெரிந்துகொண்டார்கள். ஆனால் அடுத்த கேள்வி நான் சொல்லி வந்ததில்லை. “அப்ப அந்த ஊர்ல யாராவது சிவப்புச் சட்டை போட்டா கறுப்பாத் தெரியுமே. ஒருத்தருக்குமா சந்தேகம் வரல?” கைவசம் பதில் இல்லை. பாமிடமும் இல்லை.

நான் செய்த ஒரு திருட்டுத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். அதே பன்னிரண்டாம் அத்தியாயத்தில் இவர்களை அழிக்கச் சூனியக்காரி ஒருத்தி நாற்பது ஓநாய்களை அனுப்புகிறாள். தகரக்காரன் ஒவ்வொன்றின் தலையாக வெட்டுகிறான், நாற்பதையும். அப்புறம் நாற்பது காக்காய். பொம்மை நாற்பது கழுத்தையும் திருகிப் போடுகிறது. இத்தனைக்கும் முன்னுரையில், பழைய கதைகளில் வரும் வேதனையும் கெட்ட கனவும் இல்லாமல் குழந்தைகளுக்குச் சந்தோஷம் மட்டும் தரும் கதையாக எழுதியிருப்பதாக பாம் சொல்கிறார். நாற்பது தலை அவர் கணக்கில் சேரவில்லை போலிருக்கிறது. சாப்பிட்டு வந்த பிள்ளைகளிடம் இது வேண்டாம் என்று நேராகப் பறக்கும் குரங்குகளுக்குத் தாவினேன்.

“மூணு தாளைச் சேத்துத் திருப்பிட்டீங்க டீச்சர்” என்றாள் அதே நாற்காலிப் பக்கத்துப் பெண்.

ஒட்டிக்கொண்டிருந்தது என்று பொய் சொல்லிப் பார்த்தேன். எடுபடவில்லை. திரும்பப் போய்ப் படித்தேன், அடக்கமான குரலில். யாரும் பயப்படவில்லை. “எம்பது” என்று ஒருவன் கூட்டிச் சொன்னான். சுவரில் கோடு போடுகிறவன் முகத்தில்தான் பெரிய சந்தோஷம். “மொதல்ல ஒரு கிழக்காக்கா இவன் வெறும் பொம்மைன்னு கண்டுபிடிச்சு அவமானப்படுத்துச்சுல்ல, இப்பப் பாரு.” நான்காவது அத்தியாயத்தில் நாலு வரியில் வந்துபோன காக்காய் அது.

நடுவில் ஒரு சிவப்புச் செருப்புத் தகராறும் வந்தது. ஒருவன் தன் அக்காவின் போனில் 1939 படத்தின் துண்டு ஒன்றைப் பார்த்துவிட்டு வந்து, டோரதி போட்டிருக்கும் மந்திரச் செருப்பு சிவப்பு, டீச்சர் வெள்ளி என்று தப்பாகச் சொல்கிறார் என்றான். புத்தகத்தில் வெள்ளிதான், டெக்னிகலர் வண்ணத்தில் எடுப்பாகத் தெரியப் படக்காரர்கள் சிவப்பு ஆக்கினார்கள் என்றேன். அவன் அடுத்த குண்டைப் போட்டான்: கடைசியில் எல்லாமே கனவாம். அறையே எழுந்து நின்றது. இத்தனை நாள் கேட்டதெல்லாம் கனவு என்றால் அது டுபாக்கூர் வேலை என்றாள் ஒருத்தி. படத்தில்தான் அப்படி, புத்தகத்தில் இல்லை என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் உட்கார்ந்தார்கள். இந்த விஷயத்தில் நான் அவர்கள் கட்சி.

மந்திரவாதி பலூனில் தனியாகப் பறந்து போன பிறகு புத்தகம் கொஞ்சம் தொய்கிறது, சொல்லத்தான் வேண்டும். சண்டை போடும் மரம், பீங்கான் ஊர், சுத்தியல் தலையர்கள் என்று ஒன்றன் பின் ஒன்றாக வருகிறார்கள், போகிறார்கள். பின்வரிசையில் கல்லாங்காய் ஆட்டம் ஆரம்பமானது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயமாக ஓட்டினேன், தாள் தாளாக, எல்லோரும் பார்க்க.

கடைசி அத்தியாயம் ஒரே பக்கம்தான். அதற்கு முந்தின அத்தியாய முடிவிலேயே டோரதி குதிகாலை மூன்று முறை தட்டி வீட்டுக்கு வந்துவிடுகிறாள். பெரியப்பா புது வீடு கட்டியிருக்கிறார், மாட்டில் பால் கறந்துகொண்டிருக்கிறார். கடைசி அத்தியாயத்தில் பெரியம்மா முட்டைக்கோசுக்குத் தண்ணீர் ஊற்ற வெளியே வருகிறார். வெள்ளிச் செருப்பு பாலைவனத்தில் விழுந்துவிட்டது.

“புது வீடு யார் கட்டிக் குடுத்தா? கவர்மென்டா?”

பெரியப்பாவே கட்டினார் என்றேன். “கூரையா, ஓடா?” புத்தகத்தில் இல்லை. “மாடு பொழச்சுக்கிச்சா அப்ப?” பால் கறக்கிறாரே, பிழைத்திருக்கும். கஜாவில் மாடு போன வீட்டுப் பிள்ளை கேட்டது அது.

புத்தகத்தை மூடினேன். நாற்காலிக்குப் பக்கத்தில் இருந்தவள் கையை நீட்டினாள். கொடுத்தேன். கடைசிப் பக்கத்துக்குப் பின்னால் இருந்த தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இரண்டு பக்கமும் பார்த்தாள்.

“வெறுந்தாள்தான்” என்று மற்றவர்களிடம் சொன்னாள்.